இரண்டடித் தூரம்

நம்மவர் அலுவலின் பொருட்டு வந்து குடியேறிய ஊர்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கோல்ஃப் ஆடச் செல்லும் அன்பர்கள் சிலர் உளர். கொல்கத்தாவில் இவ்வாட்டத்திற்கு 1829ஆம் ஆண்டிலேயே கழகம் அமைந்துவிட்டது. பிரிட்டானியத் தீவுகளுக்கு வெளியே அதனினும் பழைய கோல்ஃப் கழகம் இல்லை. போட்டிக்குச் சென்றவர் நண்பகலில் வாடிய முகத்துடன் வீடு திரும்பினால், நெடுந்தொலைவு அடிக்க இயலாமற் போயிற்றோ என்று இல்லத்தார் எண்ணவேண்டா. பெரும்பாலும், குழிக்கு இரண்டடித் தூரத்தில் நின்ற பந்தை உள்ளே உருட்டத் தவறியிருப்பார்.

ஆடாதவர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும். குழியின் விட்டம் 4.25 அங்குலம், பந்தின் விட்டம் 1.68 அங்குலம். இவ்வளவு அகன்ற வாயில் ஒரு குழந்தைகூடப் பந்தைத் தள்ளிவிடுமே என்பர். தள்ளிவிடும், குழந்தையின் கையில் கணக்கு அட்டை இல்லை அன்றோ! ஆடுபவர்க்கோ 250 கெஜம் பறப்பதும் ஒரு வீச்சு. 2 அங்குலம் உருள்வதும் ஒரு வீச்சு. 1983ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஹேல் இர்வின் என்னும் பெருவீரர், குழியருகே கிடந்த பந்தை அலட்சியமாகத் தட்ட முயன்றார். கோல் பந்தில் படவேயில்லை. அவ்வீச்சும் கணக்கில் ஏறியது. முடிவில் டாம் வாட்சனிடம் அவர் தோற்றது ஒரே வீச்சில்.

என் கதை அத்துணைப் பெரிதன்று. எங்கள் கழகப் போட்டி ஒன்றில், 16ஆம் குழியில் இரண்டடித் தூரத்தைத் தவறவிட்டேன். சினம் தலைக்கேறியது. 17இல் முதல் வீச்சிலேயே பந்தை நீரில் செலுத்தினேன். தவறிய உருட்டலால் இழந்தது ஒன்று. சினத்தால் நானே சேர்த்துக்கொண்டவை மூன்று. உடன் ஆடிய திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர், "தம்பி, ஞாயிறுதோறும் இந்தத் தூரத்தை உமக்குத் தானமாகக் கொடுத்து நாங்களே உம்மைக் கெடுத்துவிட்டோம்," என்றார்.

அவர் கூற்றில் உண்மை இருந்தது. இருவர் நேருக்குநேர் மோதும் ஆட்டத்தில், எதிராளியின் கிட்டத்து உருட்டலை "கொடுத்தேன்" என்று விட்டுக்கொடுக்க விதி இடந்தருகிறது. அந்த வழக்கத்தை நண்பர்கள் எல்லா ஆட்டத்திலும் கடைப்பிடிக்கிறோம். வீச்சுகளை எண்ணும் போட்டியிலோ கொடுப்பவர் எவருமிலர். ஒவ்வொரு பந்தும் குழிக்குள் விழுந்தே தீரவேண்டும். ஆண்டு முழுதும் ஆடியறியாத ஒன்றை, நெஞ்சு படபடக்கும் வேளையில் முதன்முதலாக ஆடினால் கை நடுங்காமல் என்செய்யும்? ஆதலால் ஞாயிற்றுக்கிழமைத் தானத்தை நான் இப்போது ஏற்பதில்லை. நண்பர்களுக்கு இதில் சற்று மனவருத்தமே.

பயிற்சியைப் பொறுத்தவரை, குழியைச் சுற்றி நான்கு புறமும் இரண்டடியில் பந்துகளை வைத்து ஒவ்வொன்றாக உருட்டுவேன். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நான்காவது பந்தில் போட்டியின் படபடப்பு ஓரளவு வந்துவிடுகிறது. வீட்டிலோ ஜமக்காளத்தின்மேல் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்தால் போதும். அதன் வாய் குழியினும் சிறிது. பழகியபின் மைதானத்துக் குழி அகன்று தோன்றும். உருட்டுகோலுக்குப் பட்டர் என்று பெயர். கோயிற்பட்டரை நினைவூட்டும் இச்சொல்லைக் கேட்டு என் தாயார் இன்றும் நகைக்கிறார். பந்து குழியில் விழும் ஓசை காதில் படும்வரை தலையை நிமிர்த்தாமலிருத்தல் எல்லாவற்றினும் கடினம்.

சிலர்க்குக் கை தானே வெட்டியிழுக்கும், "யிப்ஸ்" என்பர். அது கோழைத்தனமன்று. பெர்னார்டு லாங்கர் அதற்கு ஆளாகி, கோலைப் பிடிக்கும் முறையைப் பலமுறை மாற்றியும், 1985இலும் 1993இலும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார்.

தவறியபின் செய்வது யாது? அதே இடத்தில் மீண்டும் உருட்டிப் பார்க்க, குழியை முடித்தபின், உள்ளூர் விதி தடுக்காவிடில் அனுமதியுண்டு. நான் செய்வதில்லை, இரண்டாவது எப்போதும் விழுந்துவிடும், சினம் இரட்டிக்கும். அட்டையில் எண்ணை உடனே எழுதிவிட்டு, கேடியிடம் அடுத்த குழியின் காற்றைப்பற்றிக் கேட்பேன். கொரிய வீராங்கனை கிம் இன் கியுங் 2012இல் ஒரு பெரும் போட்டியின் கடைசிக் குழியில் ஏறத்தாழ ஓரடித் தூரத்தைத் தவறவிட்டுப் பட்டம் இழந்தார். 2017இல் பிரிட்டிஷ் மகளிர் ஓப்பனை வென்றார். இடையில் ஐந்தாண்டுகள்!

சென்ற போட்டியில் 16ஆம் குழியில் மீண்டும் தவறினேன். 17இல் பந்து நீரில் விழவில்லை. வீட்டில் எனக்கென ஒரு டம்ளரைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள்; அதில் காபி தருவதில்லை.