கெட்டது பொறியா, இணைப்பா?

அச்சுப்பொறி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னர், கெட்டது பொறியா, இணைப்பா என்று வினவுதல் வேண்டும். விண்ணப்பம் அனுப்புதற்குரிய இறுதி நாளன்று இதனை ஆராயாதவர், பழுதற்ற பொறியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நாளை இழந்து நிற்பர்.

கணிப்பொறிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே நிகழ்வது ஒருவழிப் பேச்சன்று. 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் வகுத்த இணைப்பு இதனை நன்கு விளக்கும். அதில் எழுத்தைச் சுமந்து செல்ல எட்டுக் கம்பிகள் இருந்தன. 'அனுப்பினேன்' என்று அறிவிக்க ஒன்று, 'வேலையாயிருக்கிறேன்' என்று தடுக்க ஒன்று, 'பெற்றுக்கொண்டேன்' என்று விடையளிக்க ஒன்று எனத் தனிக் கம்பிகளும் இருந்தன. 1996-இல் வெளியான யூ.எஸ்.பி. முறை செய்திக்கு இரண்டு, மின்சாரத்திற்கு இரண்டு என நான்கே கம்பிகளில் வேலையை முடித்தது. ஆயினும், ஒன்று சொல்ல மற்றொன்று விடையளிக்கும் இயல்பு மாறவில்லை. விடை வாராதபோது அச்சும் வாராது.

ஆகவே, ஆராயும் முறை எளிது. முதற்கண், கணிப்பொறியின் துணையின்றி, அச்சுப்பொறியின் பொத்தான்களைக் கொண்டே சோதனைத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தாள் செவ்வனே வந்தால் அச்சிடும் உறுப்புகள் குற்றமற்றவை. கோளாறு வேறிடத்தில் உள்ளது.

அடுத்து, கம்பியைக் கழற்றிக் கணிப்பொறியின் வேறொரு துளையில் நேரே செருகுங்கள். யூ.எஸ்.பி. 2.0 கம்பி 5 மீட்டருக்கு மேல் நீளலாகாது. வைஃபை வழியே இணைந்ததாயின் முகவரியைக் கவனியுங்கள். ரவுட்டர் அச்சுப்பொறிக்குப் புதிய முகவரி வழங்கியிருக்கக்கூடும். கணிப்பொறியோ, வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் எழுதுவார் போலப் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் அப்பொறிக்கென ஒரு முகவரியை ஒதுக்கி, அதனையே கணிப்பொறியிலும் பதிந்துவிட்டால் இத்தொல்லை நீங்கும்.

இறுதியாக, கணிப்பொறியில் காத்திருக்கும் வேலைகளின் வரிசையை நோக்குக. முன்னால் நிற்கும் ஒன்று சிக்கிக்கொண்டால் பின்னுள்ளவை யாவும் தேங்கும். அதனை நீக்குக. வேறொரு பொறி தேர்வாகியிருந்தால் திருத்துக. இவற்றாலும் பயனில்லையேல் டிரைவர் என்னும் மென்பொருளை அகற்றி மீண்டும் நிறுவுக.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. பலவற்றை ஒருங்கே மாற்றினால் அச்சு வரினும் வரலாம். ஆனால் கோளாறு எங்கிருந்தது என்பது விளங்காது, மறுமுறை மீண்டும் முதலிலிருந்தே தேட நேரும்.