நிக்கோட்டின் போன பிறகும் வேட்கை ஏன் போவதில்லை?

மாணவர்களே, முதலில் ஒரு சிறிய கணக்கு. மூன்றாம் படிவ அறிவியலில் கதிரியக்கம் பற்றிப் படிக்கும்போது ‘செப்பாரு ஹயாட்’ என்ற சொல்லைச் சந்தித்திருப்பீர்கள். ஒன்றின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுட்காலம். உடலுக்குள் போகும் மருந்துகளையும் வேதிப்பொருள்களையும் இதே முறையில் கணக்கிடலாம். இரத்தத்தில் கலந்த நிக்கோட்டினின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 2 மணி நேரம்.

ஒருவர் கடைசிச் சிகரெட்டை அணைக்கும்போது அவரது இரத்தத்தில் 64 பங்கு நிக்கோட்டின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 மணி நேரத்தில் அது 32 பங்கு. 4 மணி நேரத்தில் 16. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து, 12 மணி நேரத்தில் 1 பங்குதான் மிஞ்சும். முழுதாக ஒரு நாள் கழிந்தால், தொடக்க அளவில் 4,096-இல் ஒரு பங்கு. இந்த வேகம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். ஆனாலும் மூன்றாம் நாள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிச்சமிருக்காது.

அப்படியானால் மூன்றாம் நாள் நிம்மதியாக இருக்க வேண்டுமல்லவா? நடப்பது நேர்மாறு. எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, கவனச் சிதறல், அடிக்கடி பசி, எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஒன்றே ஒன்று மட்டும்’ என்ற வேட்கை. இவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் உச்சத்தைத் தொடுகின்றன. பலர் மீண்டும் சிகரெட்டைத் தொடுவதும் முதல் வாரத்தில்தான்.

உங்கள் நண்பரோ அண்ணனோ அப்பாவோ சிகரெட்டையோ வேப்பையோ விட முயன்றுகொண்டிருக்கலாம். நீங்களேகூட அந்த முயற்சியில் இருக்கலாம். அந்த மூன்றாம் நாளைப் புரிந்துகொண்டால் அதைக் கடப்பது எளிதாகும்.

போலிச் சாவி

புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 வினாடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே நரம்பணுக்களின் மேல் ‘ஏற்பிகள்’ எனப்படும் புரதங்கள் உள்ளன. அவற்றைப் பூட்டுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டுகளுக்கு உரிய சாவி நம் உடலே உருவாக்கும் அசிட்டைல்கோலின். நிக்கோட்டின் அதே பூட்டில் பொருந்தும் போலிச் சாவி. அது பூட்டைத் திறந்தவுடன் மூளையின் ஒரு பகுதியில் டோப்பமின் சுரக்கிறது. ‘இது நல்லது, மறுபடியும் செய்’ என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கும் பொருள் டோப்பமின்.

போலிச் சாவி நாள்தோறும் வந்துகொண்டே இருந்தால் மூளை தன்னை மாற்றிக்கொள்கிறது. பூட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. திடீரென்று சாவி வருவது நின்றால், கூடுதலாக முளைத்த அத்தனை பூட்டுகளும் காத்துக்கிடக்கும். அந்தக் காத்திருப்புதான் எரிச்சலாகவும் வேட்கையாகவும் வெளிப்படுகிறது.

இதில் நல்ல செய்தியும் உண்டு. சாவி வராவிட்டால் மூளை கூடுதல் பூட்டுகளை மெல்லக் குறைத்துக்கொள்கிறது. இதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, மூன்றாம் நாள் படும் துன்பம் முயற்சி தோற்பதன் அடையாளமன்று. மூளை பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம். அந்த நேரத்தில் சிகரெட்டுக்குப் பதிலாக நிக்கோட்டின் உள்ள வேப்பை எடுத்தால் என்ன ஆகும்? பூட்டுக்குப் புகையும் ஆவியும் ஒன்றுதான். திரும்பும் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

‘சிகரெட் பிடித்தால்தான் டென்ஷன் குறைகிறது’ என்று சிலர் சொல்வதற்கும் இதில் விடை இருக்கிறது. முந்திய சிகரெட்டின் நிக்கோட்டின் குறைந்ததால் வந்த பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிக்கிறது. முழுதாக நிறுத்திச் சில வாரங்களைக் கடந்தவர்களுக்கு மனஅழுத்தம் முன்பைவிடக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எஸ்.பி.எம். நெருங்கும் நேரத்தில் இது நினைவில் இருக்கட்டும்.

மாமாக் கடை மேசையின் நினைவு

பூட்டுகள் குறைந்த பிறகும், ஒரு மாதம் கழித்தும், திடீரென்று ஒரு வேட்கை எழுவதுண்டு. அதற்குக் காரணம் வேறு. ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் நாய்களுக்கு உணவு தரும்முன் ஓர் ஒலியைக் கேட்கச் செய்தார். சில நாள்களில் அந்த ஒலியைக் கேட்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது. மனித மூளையும் அவ்வாறே பழகுகிறது. தே தாரிக் குடிக்கும்போது, சாப்பிட்டு முடித்ததும், ஃபுட்சால் ஆட்டத்துக்குப் பின், பேருந்துக்காகக் காத்திருக்கும்போது என்று புகைத்துப் பழகியவருக்கு அந்த இடமும் நேரமுமே மணியோசை.

நம் நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை உள்ளது. அதனால் மணியோசை சற்றுத் தள்ளிப் போனது. ஆனால், 3 மீட்டருக்கு அப்பால் நின்று புகைப்பவர் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருப்பார்.

பாவ்லோவ் இன்னொன்றையும் கண்டார். உணவே தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் எச்சில் ஊறுவது குறைந்துபோகும். ஒவ்வொரு முறையும் வேட்கை எழுந்து, புகைக்காமலேயே அது அடங்கும்போது, அந்தப் பழைய முடிச்சு கொஞ்சம் தளர்கிறது.

சில நிமிட அலை

வேட்கை ஓர் அலையைப் போன்றது. எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ‘இனி வாழ்நாள் முழுவதும் தொடவே கூடாது’ என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். ‘இந்த 10 நிமிடத்தைக் கடக்க வேண்டும்’ என்று நினைத்தால் முடியும். அந்த 10 நிமிடத்தில் என்ன செய்யலாம்?

விரைவாக நடக்கலாம். குறுகிய நேர வேக நடைகூட வேட்கையைக் குறைப்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. மெல்லத் தண்ணீர் குடிக்கலாம். நீண்ட மூச்சை இழுத்து நிதானமாக விடலாம். கைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த இடத்தை விட்டு நகரலாம்.

காப்பி குடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைக் கூட்டிவிடுகின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்த நொதி குறைகிறது. வழக்கமான அதே கோப்பி ஓ இப்போது உடலில் அதிக நேரம் தங்கி, படபடப்பை உண்டாக்கும். அதைச் சிகரெட் இல்லாததால் வந்த படபடப்பு என்று தவறாக நினைத்துவிட வாய்ப்புண்டு. முதல் சில வாரங்கள் காப்பியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

நண்பர் எங்கே வருகிறார்?

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய புகழ்பெற்ற இதயநல ஆய்வின் தகவல்களை நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் இருவரும் அலசினர். 1971 முதல் 2003 வரை 12,067 பேர் யார் யாருடன் பழகினர், யார் புகைத்தனர் என்ற விவரங்கள் அதில் இருந்தன. முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. நண்பர் ஒருவர் புகைப்பதை நிறுத்தினால், மற்றவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்தது. கணவன் மனைவியரில் ஒருவர் நிறுத்தினால் அது 67 விழுக்காடு குறைந்தது. மக்கள் தனித்தனியாக அல்லாமல், கூட்டம் கூட்டமாகவே புகையை விட்டனர்.

கவனியுங்கள், இது உற்றுநோக்கல் ஆய்வு. ஒத்த குணமுடையோர் நண்பர்களாவதும் உண்டு என்பதால், நண்பர்தான் காரணம் என்று இதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குப் பரிசோதனை தேவை. வேல்ஸிலும் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் 59 பள்ளிகளில் அப்படி ஒன்று நடந்தது. சில பள்ளிகளில் 12, 13 வயது மாணவர்கள் தாங்கள் மதிக்கும் சக மாணவர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானவர்கள் பயிற்சி பெற்று, 10 வாரங்களுக்கு நண்பர்களுடன் இயல்பான உரையாடல்களில் புகைப்பதைப் பற்றிப் பேசினார்கள். மேடைப் பேச்சு இல்லை, சுவரொட்டி இல்லை. மற்றப் பள்ளிகளில் வழக்கமான பாடங்கள் மட்டும். ஓராண்டுக்குப் பிறகு, நண்பர்கள் பேசிய பள்ளிகளில் புகைக்கும் மாணவர் விகிதம் குறைவாக இருந்தது. இந்தத் திட்டம் முதன்மையாகப் புகைக்கத் தொடங்காமல் தடுக்கவே உருவானது. ஆனாலும், இந்த வயதில் ஒரு நண்பரின் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை அது காட்டுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

நண்பருக்கு வேட்கை அதிகம் எழும் நேரம் எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பள்ளி முடிந்ததும் என்றால், அந்த நேரத்தில் அவருடன் நடந்து போங்கள். இரவில் என்றால், வாட்ஸ்அப்பில் ஒரு சொல் போதும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். “இப்ப ரொம்ப வேணும்போல இருக்குடா” என்று செய்தி வந்தால் அறிவுரை வேண்டாம். “சரி, 10 நிமிஷம் பேசிக்கிட்டே இரு, நான் லைன்ல இருக்கேன்” என்பது போதும். அலை இறங்கிவிடும்.

அவர் எரிந்து விழுந்தால், அது உங்கள்மீது உள்ள கோபமன்று. காத்துக்கிடக்கும் பூட்டுகளின் வேலை. “மூணு நாள்கூடத் தாங்கலையா?” என்று கிண்டல் செய்யாதீர்கள். ஒருநாள் தவறிப்போய் ஒன்றைப் பிடித்துவிட்டால், “எல்லாம் போச்சு” என்று சொல்லாதீர்கள். “எப்போ, எங்கே, யாரோட இருந்தப்போ?” என்று கேளுங்கள். அடுத்த முறை எந்த மணியோசையைத் தவிர்க்க வேண்டும் என்று அந்தப் பதில் சொல்லும். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிகளில்தான் வெல்கிறார்கள்.

உங்களால் மட்டும் முடியாத இடமும் உண்டு. நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவற்றை மருத்துவர் ஆலோசனையின்றி வாங்கிக் கொடுக்காதீர்கள். பள்ளியில் ஆலோசக ஆசிரியரும், ‘பி.ஆர்.எஸ்.’ எனப்படும் சக மாணவ வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவையும் உண்டு. கட்டொழுங்கு ஆசிரியருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போராடுகிறார்கள். முதல்முறை ஆலோசக ஆசிரியரின் அறைக்குப் போகும்போது, வாசல்வரை உடன் செல்லுங்கள். நீங்கள் உள்ளே போய்ப் பேச வேண்டியதில்லை. வெளியே காத்திருந்தாலே போதும்.