பூல் ஆடியே பிழைக்க முடியுமா? கே.கே.பட்டியில் இருந்து ஒரு வரவு செலவுக் கணக்கு

தேனி மாவட்டம், கம்பத்துக்கு அருகில் இருக்கும் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், தொழிலின் கணக்கை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கல் தூண், கம்பி, மருந்து, கூலி என எல்லாமே முன்செலவு. பழம் வந்த பிறகு விலை நம் கையில் இல்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் பெயர் கிடைத்ததே தவிர, இந்தக் கணக்கு மாறிவிடவில்லை.

தொழில்முறை பூல் ஆட்டக்காரரின் வாழ்க்கையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். செலவு நிச்சயமாக வரும், வரவு வருமா என்பது சந்தேகம். ‘வேலையை விட்டுட்டு முழு நேரமா ஆடலாம்னு இருக்கேன்’ என்று வீட்டில் சொல்வதற்கு முன், அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பெரிய பரிசு எவ்வளவு பெரியது?

பூலில் உலகின் பெரிய போட்டிகளில் ஒன்று, 9 பந்து உலக சாம்பியன்ஷிப். 2024-ல் சவுதி அரேபியாவின் ஜித்தாவில் நடந்த போட்டியின் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். வென்ற ஃபெடோர் கோர்ஸ்ட் வாங்கியது 2.5 லட்சம் டாலர், அதாவது நம்ம ஊர் கணக்கில் 2 கோடி ரூபாய்க்கு மேல்.

ஆனால் அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 128 பேர். மொத்தப் பணத்தில் கால் பங்கு ஒரே ஆளுக்குப் போய்விட்டது. மீதி முக்கால் பங்கைத்தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும், அதிலும் இரண்டாம் இடத்துக்கு மட்டும் 1 லட்சம் டாலர். முதல் சில சுற்றுகளிலேயே தோற்றவருக்கு விமான டிக்கெட் காசு திரும்பினால் அதுவே அதிர்ஷ்டம்.

வென்ற பணம் அப்படியே கைக்கு வரும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் நடக்கும் போட்டியில் வெளிநாட்டு ஆட்டக்காரர் வென்றால், பொதுவாகப் பரிசில் 30 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். சில நேரம் போட்டி நடத்துபவர்களிடமே பணம் இருக்காது. 2006-ல் அமெரிக்காவின் ரினோ நகரில் நடந்த 8 பந்து போட்டியில் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ் வென்றார், அறிவிக்கப்பட்ட பரிசு 5 லட்சம் டாலர். பூல் உலகமே ‘மந்திரவாதி’ என்று கொண்டாடும் ஆட்டக்காரர் அவர். நடத்திய அமைப்பு நிதி நெருக்கடியில் சிக்கியதால், அந்தப் போட்டியின் பரிசுப் பணம் உடனே முழுதாக வரவில்லை.

ஸ்நூக்கர் பக்கம் போனால்?

பூலை விட ஸ்நூக்கரில் காசு அதிகம். உலக சாம்பியனுக்கு 5 லட்சம் பவுண்ட் கிடைக்கிறது. 2022-23 சீசனில் இருந்து, தொழில்முறைச் சுற்றில் இடம்பிடித்தவர்களுக்கு ஒரு சீசனுக்கு 20,000 பவுண்ட் வருமானம் உத்தரவாதம் என்ற ஏற்பாடும் வந்தது. 20 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் சீசனில் பெரும்பாலான போட்டிகள் பிரிட்டனில்தான் நடக்கும். அங்கே வாடகை, சாப்பாடு, ரயில், பயிற்சி மேசை என்று கணக்குப் பார்த்தால் அந்தப் பணம் சீக்கிரம் கரைந்துவிடும்.

28 உலகப் பட்டங்கள் வைத்திருக்கும் பங்கஜ் அத்வானியே 2012-ல் அந்தச் சுற்றில் சேர்ந்து, 2014-ல் அதை விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். அவர் ஓஎன்ஜிசி நிறுவனத்தின் ஊழியர் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் கியூ விளையாட்டில் நிலைத்து நின்ற பலரின் கதையிலும் இப்படி ஒரு மாதச் சம்பளம் பின்னால் இருக்கிறது. தேசியப் போட்டிகளில் பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியத்துக்கு என்று தனி அணியே உண்டு.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

ஸ்நூக்கர் நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்பது வரலாறு. 2025 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன், தோஹாவில் நடந்த பெண்கள் உலக ஸ்நூக்கர் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என வென்றார். 15 சிவப்புப் பந்து ஆட்டத்தில் அந்தப் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்.

ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. கியூ விளையாட்டுகள் ஒலிம்பிக்கில் இல்லை. 1998 முதல் 2010 வரை ஆசிய விளையாட்டில் இருந்தன, 2014-ல் தூக்கப்பட்டன. அரசு உதவியும் நிறுவனங்களின் ஸ்பான்சரும் பதக்கப் பட்டியலைப் பார்த்துத்தான் வரும் என்பதால், இது நேராக ஆட்டக்காரரின் பாக்கெட்டில் அடித்தது.

இதற்குப் பக்கத்தில் கேரம் கதையை வைத்துப் பார்க்கலாம். சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. அவர் வாழ்க்கையை மாற்றக்கூடிய தொகைதான் அது. ஆனால் உலகக் கோப்பை வென்ற பிறகு ஒருமுறை வரும் பணம் அது. அதுவரை ஆடிய ஆண்டுகளின் செலவு குடும்பத்தின் தலையில்தான்.

பள்ளத்தாக்கில் இருந்து ஆடினால்?

கேரம் போர்டு தெரு மன்றத்தில்கூடக் கிடைக்கும். 9 அடி பூல் டேபிளும், 12 அடி ஸ்நூக்கர் டேபிளும் அப்படி இல்லை. வீட்டில் போட இடமும் வேண்டும், லட்சங்களில் காசும் வேண்டும். பார்லரில் ஆடினால் மணிக்குக் காசு.

ஒரு கணக்குக்காக மணிக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 4 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 15,000 ரூபாய். வருடத்துக்கு 1.8 லட்சம். இது டேபிளுக்கு மட்டும். கோச், கியூ, போட்டி நுழைவுக் கட்டணம் எல்லாம் தனி. கம்பத்தில் ரயில் கிடையாது, தேனிக்குப் பஸ் பிடித்துப் போய்த்தான் சென்னை ரயில் ஏற வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் இந்தப் பயணமும் லாட்ஜ் வாடகையும் சேரும்.

அப்படியானால் பலர் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பயிற்சி கொடுப்பது, பார்லர் நடத்துவது, டேபிளுக்குத் துணி மாற்றுவது, கியூ விற்பது என்று ஆட்டத்தைச் சுற்றியுள்ள வேலைகள்தான் மாத வருமானம். பரிசுப் பணம் போனஸ் மாதிரி.

இன்னொரு வழி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டுப் பட்டியலில் பில்லியர்ட்ஸ்-ஸ்நூக்கரும் கேரமும் இருக்கின்றன. ஆனால் எந்தப் போட்டி, எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதற்கு விதிகள் உண்டு. அங்கீகாரம் இல்லாத சங்கம் நடத்தும் கோப்பையை வென்று அலமாரியில்தான் வைக்கலாம். அதனால் நுழைவுக் கட்டணம் கட்டும் முன் அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

போனில் காசு கட்டி பூல் ஆடிச் சம்பாதிக்கலாம் என்ற ஆசையும் இனி வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய அரசின் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. திறமை ஆட்டம் என்ற வாதமும் அதில் செல்லாது.

எப்போது வேலையை விடலாம்?

மூன்று கேள்விகளுக்கு நேர்மையான பதில் வேண்டும். மாநில அளவிலாவது தொடர்ந்து முதல் சில இடங்களுக்குள் வருகிறீர்களா? இரண்டு வருடச் செலவுக்குக் கடன் இல்லாத பணம் இருக்கிறதா? கோச்சிங் மாதிரி ஆட்டத்தோடு ஒட்டிய வருமானம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் யோசிக்கலாம். ஒன்று இடித்தாலும் வேலையில் இருந்துகொண்டே ஆடுவதுதான் நல்லது. அதில் அவமானம் எதுவும் இல்லை, அத்வானி ஆடுவதும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான்.

கே.கே.பட்டியில் புதிதாகத் திராட்சைக் கொடி நடுபவர், முதல் பழம் வரும் வரை வீட்டுச் செலவுக்கு வேறு வழி பார்த்து வைத்துவிட்டுத்தான் பந்தலுக்குக் குழி தோண்டுவார். கியூவைக் கையில் எடுப்பவரும் அதைத்தான் செய்ய வேண்டும்.