பெல்லட் அடுப்பும் மலைவீட்டுக் குளிரும்

சென்ற மார்கழியில் தணிக்கையின் நிமித்தம் பூம்பாறை சென்றிருந்தேன். கணக்குகளைப் பார்த்து முடித்து எழும் தறுவாயில் அங்கத்தினர் ஒருவர், “ஐயா, எங்கள் வீட்டு அடுப்பையும் ஒருமுறை தணிக்கை செய்துவிட்டுப் போகலாகாதா?” என்றார். பூண்டு பயிரிடும் குடும்பம் அது. வெளியூரில் வாங்கிவந்த பெல்லட் அடுப்பு ஒரு மாதமாகப் புகைவதும் அணைவதுமாய் இருந்ததாம். அடுப்பைச் செப்பனிடுவது ஆய்வாளரின் கடமைகளுள் ஒன்றன்று. எனினும் என் வீட்டிலும் அத்தகைய அடுப்பு உண்டாதலால் உடன் சென்றேன்.

பெல்லட் என்பது மரத்தூள், கடலைத்தோல் முதலியவற்றை இயந்திரத்தில் அழுத்திச் செய்த சிறு எரிதுண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரின் ஆராய்ச்சித் துணையுடன் ‘ஊர்ஜா’ என்னும் பெயரில் 2006-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அடுப்பே இதனை நம் வீடுகளுக்குப் பெருமளவில் அறிமுகப்படுத்திற்று. தமிழகம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ 4 இலட்சம் அடுப்புகள் விற்றன. பின்னர் ஆலைக் கொதிகலன்களும் இதே எரிபொருளை நாடவே, பெல்லட்டின் விலை ஏறிற்று. பல வீடுகளில் அடுப்பும் பரண் ஏறிற்று. மேனாட்டார் அறையைச் சூடாக்க வைத்திருக்கும் பெல்லட் அடுப்புக்குப் புகைபோக்கிக் குழாய் உண்டு. நம்முடையது சமையலுக்கானது, குழாய் இல்லாதது. இவ்வேறுபாடு உயிரைப் பற்றியது என்பதைப் பின்னே காண்போம்.

பூம்பாறையில் குற்றம் அடுப்பினிடம் இல்லை, மூட்டையிடம் இருந்தது. சணல் சாக்கு மண்தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. மலையின் மூடுபனி சாக்கைத் துணியென்றே மதிப்பதில்லை. நல்ல பெல்லட் வழவழப்பாயிருக்கும், ஒடித்தால் ஓசையுடன் ஒடியும், நீரிலிட்டால் மூழ்கும். ஈரம் குடித்ததோ உப்பி, விரலிடையே தூளாகும். அதனை வெயிலில் காயவைத்தாலும் பழைய உருவம் திரும்பாது. ஐரோப்பியத் தர விதி 10 சதவிகிதத்துக்கு மேல் ஈரத்தை அனுமதிப்பதில்லை. ஆகவே பலகையின்மேல், இறுக மூடிய தகர டின்னில் வைத்துக்கொள்க. சங்கத்தின் வாயிலாக மொத்தமாகத் தருவிப்போர், வண்டியிலிருந்து இறக்குமுன் ஒரு கைப்பிடியை ஒடித்தும் நீரிலிட்டும் பார்த்த பின்னரே கையொப்பமிடுக.

மூட்டையை மாற்றியும் சிறிது புகை எஞ்சிற்று. இவ்வடுப்பில் தீயை மேற்புறம் மூட்டுகிறோம். கீழிருந்து விசிறி தரும் காற்று பெல்லட்டை வாயுவாக்க, மேல் துளைகளின் வழி வரும் காற்று அவ்வாயுவை எரிக்கிறது. மேல் துளைகள் கரியால் அடைபட்டாலும், அவற்றை மறைக்குமளவு பெல்லட்டை நிரப்பினாலும் எரியாத வாயு புகையாக வெளிவரும். இடையில் ஒரு பிடி அள்ளிப் போடுவதும் அவ்வாறே. துளைகளைக் கம்பியாலும், சாம்பல் தட்டைத் தூரிகையாலும் அடுப்பு ஆறிய பின்னர் துடைத்தல் வேண்டும். நீர் ஊற்றிக் கழுவலாகாது. விசிறி தளர்ந்தால் முதலில் மின்கலத்தைச் சோதிக்க. குளிரில் அதன் வலு குறையும்.

தட்டின்மேல் கண்ணாடிபோல் இறுகிய கட்டி காணப்பட்டால் அது கிட்டம். மண் கலந்த அல்லது சாம்பல் மிகுந்த மூலப்பொருளால் விளைவது. மரத்தூளில் சாம்பல் 1 சதவிகித அளவே. நெல் உமியிலோ 20 சதவிகிதத்தை எட்டும். மலிவு கருதி உமி கலந்ததை வாங்குவோர் தினமும் கிட்டம் பெயர்க்க நேரிடும். சின்னாளபட்டியில் சாயநீர் காய்ச்சும் நெசவாளர் அங்கத்தினர்க்கும் இது பொருந்தும்.

வேலை முடிந்து தேநீர் அருந்துகையில் அவ்வீட்டுப் பாட்டி, “சமையல் ஆனதும் இதைத்தான் தம்பி, பேரப்பிள்ளைகள் படுக்கிற அறையில் வைத்துக் கதவைச் சாத்துவோம். புகையே கிடையாது” என்றார். எனக்குத் தேநீர் இறங்கவில்லை. சுடர் அடங்கியபின் எஞ்சும் செங்கனல்தான் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளியிடுவது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது குருதியில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கும். உறங்குபவர் அவற்றையும் அறியார். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதி அறையொன்றில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கிய இருவர் மறுநாள் எழவில்லை. பரணில் பூண்டுக்குப் புகையிட்டுப் பழகியவர்கள் புகைக்கு அஞ்சுவார்கள், புகையற்றதை நம்பிவிடுகிறார்கள்.

“பாட்டி, இனிக் கனலை உள்ளே கொண்டுவரக் கூடாது. வெளியே இரும்புச் சட்டியில் கொட்டி மூடிவிடுங்கள். யாருக்கேனும் தலை சுற்றினால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கிச் சென்று மருத்துவமனைக்கு ஓடுங்கள்” என்றேன். “பிள்ளைகளுக்குக் குளிருமே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுப்பு எரியும்போதே இரண்டு செங்கற்களை அதனருகில் சூடேற்றி, கை பொறுக்கும் அளவு ஆறியதும் கெட்டித் துணியில் சுற்றிப் போர்வைக்குள் காலடியில் வைக்கச் சொன்னேன். அன்றிரவு அவ்வூரிலேயே தங்க நேர்ந்தது. திரும்பும் வழியில் பார்த்தபோது அடுப்பு திண்ணையில் இருந்தது. பேரன் செங்கல்லுக்குப் பழைய கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தான்.