ஸ்கேன் படிப்புக்குப் பணம் கட்டும் முன்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு, திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் உங்கள் பிள்ளையிடம் யாராவது ஒரு நோட்டீஸை நீட்டலாம்: “6 மாதத்தில் ஸ்கேன் பயிற்சி, கையோடு வேலை.” ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் ஸ்கேன் சென்டர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அது நம்பும்படியாகவே இருக்கும். நகையை அடகு வைக்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் ஸ்கேன் செய்யலாம்?

அமெரிக்காவில் டாக்டர் அல்லாதவரும் முறையாகப் படித்து சோனோகிராபராக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாம். இந்தியாவில் நிலைமை வேறு. பெண் கருவைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும், கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் உரிமையைத் தகுதி பெற்ற டாக்டருக்கு மட்டுமே தருகின்றன. 2014-இல் வந்த விதிகளிலும் ‘6 மாதப் பயிற்சி’ உண்டு. ஆனால் அது எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டருக்கானது, 300 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் அடங்கியது.

என்ன ஆபத்து?

“முதலாளி சொன்னார், செய்தேன்” என்பது தப்பிக்கும் வழியாகாது. சென்டரில் தொழில்நுட்ப வேலை பார்ப்பவரும் சட்டத்தை மீறினால் முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம். குற்றம் ஜாமீனில் விட முடியாதது. கருவின் பாலினத்தைச் சைகையால் உணர்த்தினாலும் குற்றமே. தகுதியற்றவர் ஸ்கேன் எடுத்தால் தாய்க்கும் ஆபத்து உண்டு: கருக்குழாயில் தங்கிய கருவைக் கவனிக்கத் தவறினால் தாயின் உயிரே போகலாம்.

சரியான வழி எது?

இமேஜிங் துறையில் ஆர்வம் இருந்தால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ரேடியோகிராபி மற்றும் இமேஜிங் டெக்னாலஜி இருக்கிறது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து 4 ஆண்டுகள். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. அறைகளில் மதிப்பான வேலைக்கு இது வழி. அரசு கவுன்சலிங்கிலும் இடம் கிடைக்கும். கல்லூரியின் பெயர் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஏமாந்துவிட்டால்?

நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். பொய் சொல்லிப் பணம் பறித்திருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அது இலவசம். தகுதியற்றவர் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பதைக் கண்டால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் செய்யுங்கள். அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்தபின் நீங்களே நீதிமன்றத்தை நாடலாம்.

சேரும் முன் நிறுவனத்திடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “இந்தச் சான்றிதழை வைத்துக் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கலாம் என்று லெட்டர்பேடில் எழுதி, முத்திரை வைத்துத் தருவீர்களா?” சட்டம் தெரிந்த யாரும் அப்படி எழுதித் தர மாட்டார்கள். அவர்கள் மழுப்பினால், உங்கள் பிள்ளையின் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.