சமைத்துப் பார் நூலும் இராமநாதபுரம் கடற்கரைச் சமையலும்

சமைத்துப் பார் என்பது எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய தமிழ்ச் சமையல் நூல். முதல் பாகம் 1951-இல் வெளிவந்தது. பின்னர் மூன்று பாகங்களாக விரிந்தது. 'குக் அண்ட் சீ' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது. புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுக்கும் புத்தகமாகவும், வெளிநாடு போகிறவர் பெட்டியில் வைத்துக்கொள்ளும் புத்தகமாகவும் இது நிலைத்துவிட்டது.

மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவருடைய கைப்பக்குவம் அறிந்த உறவினர்கள் செய்முறை கேட்டபடியே இருந்தார்கள். அதைப் புத்தகமாக்கச் சொன்னவர் அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். அடுப்படிக்கே போகாதவரும் செய்து பார்க்கும்படி, அளவும் வரிசையும் சொல்லி எழுதியதே நூலின் பலம். பழைய பதிப்புகளைப் புரட்டுகிறவர்களுக்கு அளவுகள் சற்றுத் தடுமாற்றம் தரும். மெட்ரிக் எடைகள் நாட்டில் புழக்கத்துக்கு வந்ததே 1950-களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம்.

நூல் முழுவதும் சைவம். இராமேசுவரம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து வீடுகளில் இது பாதிச் சமையலுக்குத்தான் துணை நிற்கும். சாம்பார், ரசம், கூட்டு, வடகம், ஊறுகாய்க்கு அதைத் திறக்கலாம். காரல், சூடை, சீலா, விளமீன், கணவாய், நண்டு ஆகியவற்றுக்கு அதில் பக்கம் இல்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நாள்களில் நாட்டுப்படகு மீனையும் கருவாட்டையும் வைத்துக் குடும்பம் நடத்தும் வித்தை, பொதுவான சமையல் நூல் எதிலும் எளிதில் அகப்படாது.

ஆனாலும் முறையைக் கடன் வாங்கலாம். புளிக்குழம்பைப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, அரைத்த தேங்காயைச் சேர்ப்பது வரை வழி ஒன்றுதான். மீனைக் கடைசியில் போட வேண்டும். போட்டபின் கரண்டி விடக்கூடாது. சட்டியின் இரு பக்கமும் பிடித்து மெல்ல அசைத்தால் போதும். காரல் போன்ற சிறு மீன் சில நிமிடத்தில் வெந்துவிடும். சீலாத் துண்டுக்குச் சற்று நேரம் கூடுதலாக வேண்டும்.

மிளகாயில்தான் கவனம் தேவை. 'மிளகாய் ஆறு' என்று எண்ணிக்கையில் சொல்லும் குறிப்பு நீட்டு மிளகாயை மனத்தில் வைத்து எழுதியதாக இருக்கலாம். இராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டையானது, தோல் தடித்தது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரியில் விளைவது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதை எண்ணிப் போடுவதைவிட எடை பார்த்துப் போடுவதே சரி. முதல் தடவை குறைத்துப் போட்டுப் பார்ப்பது வயிற்றுக்கும் நல்லது!

கீழக்கரை முஸ்லிம் வீடுகளின் சமையல் இன்னும் தனி. அங்கே குழம்புக்கு ஆணம் என்று பெயர். வட்டிலாப்பத்துக்கு முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி வேண்டும்; ஆவியில் வேகவைப்பார்கள். இலங்கை முஸ்லிம்களிடமும் அது உண்டு. தொதல் மலாய் நாடுகள் வரை அறிமுகமான பண்டம்; கடல் வணிகம் வழி வந்த உறவு அது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கிளற வேண்டும். கருப்பட்டியில் தூசும் மண்ணும் இருக்கும் என்பதால் கரைத்து வடிகட்டியே சேர்ப்பார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், 'பதம் வரும் வரை' என்பார்கள்.

அந்தப் பதம் மூத்தவர்களின் கையில் இருக்கிறது. காகிதத்துக்கு வந்தது குறைவு. பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் குடியேறிய வீடுகளில் தொலைபேசியில் கேட்டுச் செய்கிறார்கள். சொல்பவர் இருக்கும் வரைக்கும்தான் அது நடக்கும். 'பதம்' என்பதை எண்ணெய் பிரிந்து ஓரத்தில் கசிவது, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வருவது என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக எழுதிவிடலாம். தேங்காய் எத்தனை, மாவு எத்தனை ஆழாக்கு, கருப்பட்டி எவ்வளவு எடை என்பதை, அவர் கிளறும்போதே பக்கத்தில் இருந்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். முதல் தேங்காய்ப்பால், இரண்டாம் பால் எந்த நேரத்தில் ஊற்றப்படுகின்றன என்பதையும் சேர்த்து.