பாக்கும் பதித்த பல்லும்

கடைவாயில் டைட்டேனியத் திருகு பதித்துப் பல் வைத்த பிறகு, "கொட்டைப்பாக்கு கடிக்கலாமா மகன்?" என்று உம்மா கேட்டா. தமிழ் படித்த நான் பதிலைத் தேடிப் படித்தேன்.

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் சுமார் 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் மெத்தைபோல் ஒரு நார்ப்படலம் உண்டு. பதித்த பல்லுக்கு அது இல்லை. எலும்பு நேரே உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. கடிக்கும் விசை எங்கே குவிகிறதென்று வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. அதனால் பல், திருகு, தாடையெலும்பு மூன்றையும் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் நெளிவையும் கணக்கிடுகிறார்கள்.

பெரும்பாலும் திருகின் கழுத்தைச் சுற்றிய எலும்பிலேதான் அழுத்தம் கூடுகிறது. நேரான கடியைவிடச் சரிந்த கடியே ஆபத்து. ஆனால் பல கணக்குகள் எலும்பை எங்கும் ஒரே சீரானதென்று வைத்துக்கொள்கின்றன. உம்மாவின் எலும்பு அப்படியல்லவே! கணக்கு எச்சரிக்கும்; உத்தரவாதம் தராது.

"இடிச்சே போடுங்க உம்மா" என்றேன்.